பாஸ்டரல் கேர் பிரமாதமாம், படிப்பு எப்படி? இன்டர்நேஷனல் பள்ளி பற்றி ஒரு கேள்வி

துரைப்பாக்கம் அம்மா | செவ்வாய், இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் எட்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ. வகுப்பில் 46 பேர். மார்க் எப்போதும் எண்பதுக்குக் குறையாது. பிடிஎம் (பெற்றோர் ஆசிரியர் கூட்டம்) போனால் இரண்டே நிமிடம்தான். "நல்ல பொண்ணு மேடம், இருக்கிற இடமே தெரியாது." நானும் பெருமையாக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள் அவள் டிபன் டப்பாவைத் திறந்தபோது ஹேண்ட்வாஷ் வாசனை அடித்தது. பள்ளிக் கழிவறையில் ரோஸ் கலரில் ஊற்றி வைத்திருப்பார்களே, அது. எதற்குடி அங்கேயே கழுவினாய் என்றேன். "சும்மா" என்றாள். இரண்டு நாள் விட்டு விட்டுக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கூடச் சாப்பிடும் மூன்று பேர் இவளை விட்டுவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிட வெட்கம். சாப்பாட்டைக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று டப்பாவைக் கழுவி எடுத்து வந்திருக்கிறாள். எத்தனை நாளாக என்றால், "யூனிட் டெஸ்ட்டுக்கு முன்னாடியிலிருந்து" என்கிறாள். அந்த யூனிட் டெஸ்ட்டில் கணக்கில் 40க்கு 38. மார்க் குறையவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

போன சனிக்கிழமை சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தோம். வகுப்புக்கு 22 பேர். அட்மிஷன் மேடம் ஒரு கண்ணாடி அறையைத் திறந்து காட்டினார். நான்கு பீன் பேக், சுவரில் ஓவியம், ஒரு மீன் தொட்டி. "இதுதான் எங்கள் வெல்னஸ் ரூம்" என்றார். கையேட்டில் பாஸ்டரல் கேர் (படிப்பைத் தாண்டிப் பிள்ளையின் மனசையும் நலனையும் கவனிப்பதாம்) என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. படிப்பைப் பற்றிக் கேட்டால் "ஒவ்வொரு குழந்தையும் அதனதன் வேகத்தில்" என்றார். கட்டணம் இப்போது கட்டுவதைப்போல் ஐந்து மடங்கு. வீட்டுக்காரர் "மீன் தொட்டிக்கா இவ்வளவு?" என்கிறார். மாமியார் "ரேங்க் உண்டா, இல்லையா?" என்கிறார். மகள் டாக்டராக வேண்டும் என்கிறாள். பதின்மூன்று வயதில் சொல்வதுதான், ஆனாலும் சொல்கிறாள்.

என் கேள்வி இரண்டு. பாஸ்டரல் கேர் என்பது நிஜத்தில் என்ன செய்கிறது? அங்கே போனால் படிப்பு என்ன ஆகும்?

சுண்டல் தாத்தா | செவ்வாய், இரவு 10:31

பாஸ்டர் என்றதும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் என்று நினைத்துவிட்டேன். படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. பெண்ணை முதலில் சாப்பிட வையம்மா, பள்ளியை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்டாஃப்ரூம் டீ | செவ்வாய், இரவு 11:48

தாத்தா, நீங்கள் நினைத்ததும் முழுத் தப்பு இல்லை. அந்தச் சொல்லுக்கு வேர் லத்தீனில் மேய்ப்பன். தேவாலயத்திலிருந்துதான் பள்ளிக்கு வந்தது. இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு ஒரு பாதிரியார். பையன்களின் குணத்துக்கும் ஆசிரியர்தான் பொறுப்பு என்று அவர் பிடித்த பிடியில்தான் ஹவுஸ், ஹவுஸ் மாஸ்டர் முறை (பையன்களைக் குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு) பலமானது. விடுதிப் பள்ளிக்கு அது வேண்டும், ஏனென்றால் அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. நம் ஊரில் நான்கு மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

நான் பதினொரு வருடமாக இந்த மாதிரிப் பள்ளிகளில்தான் வேலை பார்க்கிறேன். இப்போது ஒரு கிரேடுக்குத் தலைவர். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், விளம்பரம் இல்லாமல்.

காலையில் ஹோம்ரூம், பதினைந்து இருபது நிமிடம். அந்த ஆசிரியருக்கு இருபது சொச்சம் பிள்ளைகள். யார் வந்தார்கள், யார் முகம் சரியில்லை என்று பார்ப்பது அவர் வேலை. அவருக்கு மேலே கிரேடு தலைவர், பக்கத்தில் கவுன்சிலர், பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று பொறுப்பேற்ற ஒருவர். வாரம் ஒரு நாள் நாங்கள் எல்லோரும் உட்காருவோம். எங்கள் பள்ளியில் புதன் மூன்றாம் பீரியட். பெயர்ப் பட்டியல் திரையில் இருக்கும். இரண்டு தரம் தாமதம், நர்ஸ் அறைக்கு மூன்று தரம், லைப்ரரியில் தினமும் மதியம், ஹோம்வொர்க் திடீரென்று நின்றது, இப்படி ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நர்ஸுக்குத் தெரிந்தது கணக்கு ஆசிரியருக்குத் தெரியாது. ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு பெயர் மூன்று இடத்தில் வரும். அந்த நாற்பது நிமிடம்தான் பாஸ்டரல் கேர். மீன் தொட்டி இல்லை.

அந்தக் கூட்டம் பரீட்சை வாரத்தில் முதலில் ரத்தாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அது மிக அதிகமாகத் தேவைப்படும் வாரமும் அதுதான். எத்தனை தரம் சண்டை போட்டிருக்கிறேன்.

மறுபடி போனால் அட்மிஷன் மேடத்திடம் கேட்காதீர்கள். ஒரு ஹோம்ரூம் ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவரிடம் "மதிய உணவு நேரத்தில் யார் ட்யூட்டி, அவர் எதையாவது கவனித்தால் எங்கே எழுதுவார்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. "எங்கள் ஆசிரியர்கள் எல்லோருமே அக்கறையானவர்கள்" என்று வந்தால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

கெமிஸ்ட்ரி அப்பா | புதன், காலை 6:20

படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன், சூடு பட்டவன்.

சகோதரி, மகள் டாக்டர் என்கிறாள் என்றால் பதினொன்றாம் வகுப்பில் என்ன பாடத்திட்டம் என்பதை இன்றைக்கே பாருங்கள். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) டிப்ளமோவில், அதாவது இந்தப் பள்ளிகளின் பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில், ஆறு பாடம். இரண்டு மொழி, ஒரு சமூகப் பாடம், ஒரு அறிவியல், கணிதம், ஒரு கலை. கலைக்குப் பதிலாக இன்னொரு அறிவியல் எடுத்துக்கொள்ளலாம். அதாவது வழக்கமான முறையில் இரண்டு அறிவியல்தான். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மூன்றாவதை எடுக்க நான்-ரெகுலர் டிப்ளமோ என்று ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழகம் கேட்கிறது என்று காரணம் காட்டிப் பள்ளிதான் முன்கூட்டியே ஐபி அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். என் மகன் பள்ளியில் இதை எங்களிடம் சொன்னது பதினொன்றாம் வகுப்பு தொடங்கி ஆறாவது வாரத்தில். அதற்குள் அவன் பொருளாதாரத்தில் இரண்டு அசைன்மென்ட் முடித்திருந்தான்.

அடுத்தது தேதி. நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. ஐபி பரீட்சை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை ஓடும். நடுவில் வந்து நிற்கும் நீட். ஒன்றில் பக்கம் பக்கமாக விளக்கி எழுத வேண்டும், இன்னொன்றில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்விக்கு வட்டம் நிரப்ப வேண்டும், அதுவும் என்சிஇஆர்டி புத்தகத்தின் வரி வரியாக. இரண்டும் இரண்டு விதமான மூளை.

இன்னொரு பாடத்திட்டமான கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் மூன்று அறிவியலும் எடுப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் மே, ஜூனில் எழுதினால் முடிவு ஆகஸ்டில்தான். அதற்காகவே இந்தியாவுக்கென்று மார்ச்சில் ஒரு தேர்வு நடத்துகிறார்கள், முடிவு மே மாதம் வந்துவிடும். உங்கள் பள்ளி மார்ச் தேர்வுக்கு அனுப்புமா என்று கேளுங்கள்.

பீன் பேக்கில் உட்கார்ந்து இதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஸ்டாஃப்ரூம் டீ | புதன், காலை 7:05

> பீன் பேக்கில் உட்கார்ந்து இதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள்.

சொல்ல வேண்டும் சார். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு நடந்ததைப் படிப்புக் கோளாறு என்று எழுதுகிறீர்கள், நான் அதைப் பாஸ்டரல் கோளாறு என்பேன். பத்தாம் வகுப்பில் அவனை உட்கார வைத்து "என்ன ஆக ஆசை, அதற்கு எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருந்தால் ஆறு வாரம் வீணாகியிருக்காது. இந்த இரண்டையும் தனித்தனி டிபார்ட்மென்ட் ஆக்கியதுதான் எங்கள் பள்ளிகளின் பெரிய வியாதி. கவுன்சிலரிடம் அழுகை, கோஆர்டினேட்டரிடம் மார்க். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது.

இப்போது மகன் எப்படி இருக்கிறான்?

கெமிஸ்ட்ரி அப்பா | புதன், காலை 7:40

பயோடெக். வேறு ஊரில். நன்றாக இருக்கிறான். வாரம் ஒரு முறை பேசுகிறான், அதிலும் பாதி அம்மாவிடம்.

கராமா காபி | புதன், காலை 11:15

துபாயிலிருந்து எழுதுகிறேன். இங்கே தனியார் பள்ளிகளை அரசின் கேஎச்டிஏ அமைப்பு ஆய்வு செய்து அறிக்கையைப் பொதுவில் போடும். ஆறு அளவுகோல். முதலாவது மாணவர் அடைவு, ஐந்தாவது பாதுகாப்பு, கவனிப்பு, வழிகாட்டுதல். இரண்டும் ஒரே அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கணிதத்தில் 'நல்லது', கவனிப்பில் 'மிக நன்று' என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கலாம். எந்த நிலை கிடைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பல வருடம் கட்டண உயர்வும் இருந்தது. புதுப் பள்ளிக்கு மாறும் முன் நம் ஆட்கள் இந்த அறிக்கையை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். சென்னையில் அப்படி ஒன்று கிடையாது, பள்ளி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் அறிக்கை எல்லாம் இல்லை. ஒரு சின்னக் கதை.

என் மகன் படித்த பள்ளிக்குக் கவனிப்பில் உச்ச மதிப்பெண். பருவத்துக்கு ஒரு தரம் டேப்லெட்டில் மனநலக் கணக்கெடுப்பு வேறு. "பள்ளியில் உனக்கு நண்பர்கள் இருக்கிறார்களா?" சிரிக்கும் முகம், சும்மா முகம், அழும் முகம், ஒன்றைத் தொட வேண்டும். ஆறாம் வகுப்பில் இவன் எல்லாவற்றுக்கும் சிரிக்கும் முகத்தைத் தொட்டிருக்கிறான். ஏன் என்று பின்னால் கேட்டேன். "அடுத்த பீரியட் ஃபுட்பால் அப்பா. சீக்கிரம் முடிச்சாத்தான் விடுவாங்க."

அந்தப் பருவம் முழுக்க அவன் பஸ்ஸில் தனியாக இருந்திருக்கிறான். பின்சீட்டுப் பையன்கள் ஏதோ பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். யார் கண்டுபிடித்தது தெரியுமா? பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்தச் சேச்சி, பாலக்காடு பக்கம். ஒரு நாள் என் மனைவியிடம் கேட்டாராம்: "மோன் இப்ப எப்பவும் முன்சீட்ல டிரைவர் பின்னால உக்காருது. பின்னால ஏதாவது பிரச்சனையா?" பள்ளிக்குச் சொன்னோம், மறுநாளே நடவடிக்கை எடுத்தார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் சேச்சிக்கு அந்த வாராந்திரக் கூட்டத்தில் நாற்காலி இருந்ததா? ஸ்டாஃப்ரூம் டீ, உங்கள் புதன்கிழமை மேசையில் ஆயாவும் டிரைவரும் உண்டா?

ஸ்டாஃப்ரூம் டீ | புதன், மாலை 4:52

இல்லை. கேட்டதும் சுருக்கென்றது. எழுதி வைத்துக்கொண்டேன்.

மலைமேல் ஒன்பது வருடம் | புதன், இரவு 9:30

மலை விடுதிப் பள்ளியில் படித்தவள். எது என்று சொல்லவில்லை. கொடைக்கானலில் 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் 1970களில் இந்தியாவில் முதலில் ஐபி டிப்ளமோ கொண்டுவந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதாவது இதெல்லாம் ஓஎம்ஆரில் நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை.

எங்களுக்கு டார்ம் பேரன்ட் என்று ஓர் ஆன்ட்டி. பதினாறு பெண்களுக்கு ஒருவர். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. அதற்கு முன் ஒவ்வொரு கட்டிலாக வந்து நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். போர்வையைச் சரி செய்வதுபோல் ஒரு நிமிடம் நிற்பார், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு நாலாயிரம் சொல் கட்டுரை முடியவில்லை. ஐபியில் அது கட்டாயம், எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்பார்கள். மூன்று வாரம் ஒரு வரியும் எழுதாமல், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். என் கைடு ஆசிரியர் நம்பிவிட்டார். ஆன்ட்டி நம்பவில்லை. "உன் மேசையில் அந்த மூன்று புத்தகமும் போன மாதத்திலிருந்து அதே வரிசையில் இருக்கிறது" என்றார். அப்புறம் உட்கார்ந்து அழுது, கைடிடம் போய் ஒப்புக்கொண்டு, தலைப்பையே மாற்றி எழுதினேன். 45க்கு 33 வந்தது. பெரிய மார்க் இல்லை. 24 வந்தாலே சில நிபந்தனையோடு தேறிவிடலாம் என்பதால் வீட்டில் யாரும் திட்டவும் இல்லை.

துரைப்பாக்கம் அக்கா, படிப்பு பற்றிக் கேட்டீர்கள். ஒரு கேள்வியை எப்படி உடைப்பது என்று அங்கே கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு சென்னையில் கல்லூரி சேர்ந்தபோது முதல் செமஸ்டரில் மண்ணைக் கவ்வினேன். ஐந்து மார்க் கேள்விக்கு இவ்வளவு பாயிண்ட் எழுத வேண்டும், சைடு ஹெடிங் போட்டு அடிக்கோடு இட வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. என் ரூம்மேட், விழுப்புரம் அரசுப் பள்ளி, அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது செமஸ்டரிலிருந்து தப்பித்தேன்.

அடையாறு இரண்டு பிள்ளை | வியாழன், காலை 10:05

எல்லோரும் கொஞ்சம் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். நான் கசப்பு.

மகனைச் சேர்த்து இரண்டு வருடம், பள்ளி பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பில் இவனைத் தவிர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் இவன் போட்டோவை வைத்து ஸ்டிக்கர். பள்ளிக்குச் சொன்னோம். "ரெஸ்டோரேட்டிவ் கான்வர்சேஷன்" என்றார்கள், அதாவது இரண்டு பக்கமும் பேசிச் சரிசெய்வதாம். நடந்தது என்னவென்றால், ஸ்டிக்கர் செய்த பையனையும் இவனையும் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார வைத்து, அவனை ஸாரி சொல்லச் சொல்லி, இவனைப் "பரவாயில்லை" சொல்லச் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிடம். அறிக்கையில் "தீர்க்கப்பட்டது". வீட்டுக்கு வந்து "நான் ஏம்மா பரவாயில்லைன்னு சொல்லணும்?" என்றான். என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. ஒரே வருடத்தில் ஹோம்ரூம் ஆசிரியர் மூன்று பேர். ஒருவர் வெளிநாட்டவர், ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டார். வந்தவருக்குப் பிரசவ விடுப்பு. மூன்றாமவர் மார்ச்சில் வந்தார். இந்தப் பள்ளிகளில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் ஒப்பந்தமே பெரும்பாலும் இரண்டு வருடம்தான். மேய்ப்பன் என்று சொன்னீர்களே, மேய்ப்பன் மாறிக்கொண்டே இருந்தால் ஆடு என்ன செய்யும்? போய்ப் பார்க்கிறவர்கள் "உங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். எங்களுக்கு அப்போது இந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஸ்டாஃப்ரூம் டீ | வியாழன், மதியம் 1:20

அடையாறு மேடம், உங்கள் மகனுக்கு நடந்தது அந்த முறையே இல்லை. இரண்டு பேரையும் தனித்தனியாகப் பல தரம் சந்தித்து, பாதிக்கப்பட்ட பிள்ளை தயார் என்று சொன்னால் மட்டுமே நேருக்கு நேர். தயார் இல்லை என்றால் வேண்டாம். 'பரவாயில்லை' என்று சொல்ல வைப்பது எதிலும் கிடையாது. பள்ளிக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு விஷயம். பிள்ளை கவுன்சிலரிடம் சொல்வதெல்லாம் வீட்டுக்கு வராது, வரவும் கூடாது. வந்தால் அடுத்த தரம் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லை உண்டு. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19இன்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்கிறோம் என்பது குற்றம், நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறை. பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலை என்றாலும் பெற்றோரிடம் சொல்லிவிடுவோம். இந்த எல்லைகளைப் பள்ளி எழுதி வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற பள்ளி வேண்டாம்.

கெமிஸ்ட்ரி அப்பா | வியாழன், மதியம் 2:02

கவுன்சிலர் என்பது இன்டர்நேஷனல் பள்ளியின் தனிச்சலுகை இல்லை இப்போது. விசாகப்பட்டினத்தில் ஒரு நீட் மாணவி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 2025இல் சொன்ன நெறிமுறைகளைப் பாருங்கள். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள எந்தக் கல்வி நிறுவனமானாலும் தகுதியுள்ள ஒரு கவுன்சிலராவது வேண்டும். மார்க்கை வைத்து பேட்ச் பிரிப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், கோச்சிங் சென்டருக்கும் சேர்த்து. துரைப்பாக்கம் சகோதரி, உங்கள் இப்போதைய பள்ளியிடமே கேட்கலாமே.

சுண்டல் தாத்தா | வியாழன், இரவு 8:15

சரி, நானும் கொஞ்சம் பேசுகிறேன். முப்பத்து நான்கு வருடம் அரசு நடுநிலைப் பள்ளி வாத்தியார், திருவண்ணாமலை மாவட்டம். ஒரு பையன் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நிற்பேன். பெரும்பாலும் கடலைக் கொல்லையில் இருப்பான், சில சமயம் செங்கல் சூளையில். சத்துணவு வரிசையில் எவன் தட்டை மறைத்துக்கொண்டு வீட்டுக்குத் தங்கைக்கு எடுத்துப் போகிறான் என்று ஆயாவுக்குத் தெரியும், ஆயா என்னிடம் சொல்லும். நாற்காலி, கூட்டம், திரை ஒன்றும் கிடையாது. இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

ஸ்டாஃப்ரூம் டீ | வியாழன், இரவு 9:40

ஐயா, கும்பிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நீங்கள் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அந்தச் சைக்கிளை யார் எடுத்தார்கள்?

சுண்டல் தாத்தா | வியாழன், இரவு 10:22

நியாயமான கேள்வி. எனக்குப் பின் வந்தவர் நல்லவர்தான். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார், நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயா மட்டும் அதே ஆயாதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் சைக்கிளில் போய்ப் பிடித்து வந்தது பையன்களைத்தான் அதிகம். வயதுக்கு வந்து நின்றுபோன பெண் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நிற்க எனக்குத் தைரியம் போதவில்லை. யாரை அனுப்புவது என்றும் தெரியவில்லை. உங்கள் மேசை அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால் ஒரு டீச்சரம்மாவை அனுப்பியிருப்பேனோ என்னவோ.

மலைமேல் ஒன்பது வருடம் | வியாழன், இரவு 10:40

தாத்தா ❤

கராமா காபி | வெள்ளி, காலை 9:10

இழையைச் சேமித்து வைத்துக்கொண்டேன். பள்ளியை மட்டும் நம்ப முடியாத நேரத்துக்குச் சில எண்கள், ஊரில் இருப்பவர்களுக்கு: குழந்தைகளுக்கு 1098, தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வி உதவிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம், சேச்சிக்கு என் மனைவி ஓணத்துக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள். எழுத மறந்துவிட்டேன்.

அடையாறு இரண்டு பிள்ளை | வெள்ளி, காலை 11:33

துரைப்பாக்கம் அம்மா எங்கே? கேள்வி கேட்டுவிட்டு ஆளைக் காணோம்.

துரைப்பாக்கம் அம்மா | ஞாயிறு, இரவு 9:55 (ஒன்பது நாள் கழித்து)

மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன், ஒரு தடவை வீட்டுக்காரருக்கு வாசித்தும் காட்டினேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அந்த ஓஎம்ஆர் பள்ளிக்கு இந்தத் தடவை மதியம் பன்னிரண்டரைக்குப் போனேன், சாப்பாட்டு நேரம் பார்த்து. ஹோம்ரூம் ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்றதும் அட்மிஷன் மேடம் முகம் மாறியது, ஆனால் அழைத்து வந்தார். சின்னப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். லஞ்ச் ட்யூட்டி கேள்வியைக் கேட்டேன். "நாங்கள் இரண்டு பேர் மாறி மாறி. ஏதாவது இருந்தால் சிஸ்டத்தில் போடுவோம்" என்றாள். எங்கே காட்டு என்றேன், தைரியமாக. போனைத் திறந்து காட்டினாள், பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு. அன்றைக்கு மட்டும் நான்கு பதிவு. ஒன்றில் "சாப்பிடவில்லை, வயிற்று வலி என்றான், மாலை மறுபடி கேட்க வேண்டும்" என்று இருந்தது. எவ்வளவு நாளாக இங்கே வேலை என்றேன். ஏழு மாதம். அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது, ஆனால் அடையாறு மேடம் கேட்கச் சொன்ன கேள்விக்குப் பிரின்சிபால் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஹெல்தி டர்ன்ஓவர்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பது ஐபி மட்டும். மூன்று அறிவியல் பற்றிக் கேட்டதற்கு "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார். கெமிஸ்ட்ரி அப்பா நினைவுக்கு வந்தார்.

மகளும் ஒரு நாள் அங்கே வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்றேன். "மூணு பேர் என் பேரைத் தப்பா சொன்னாங்க. ஒரு சார் மட்டும் சாயங்காலம் கரெக்டா சொன்னார்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் சேர்க்கவில்லை. பத்தாவது வரை இங்கேயே, அப்புறம் பார்க்கலாம் என்று முடிவு. ஆனால் அதைச் சொல்ல வரவில்லை.

போன திங்கள் இப்போதைய பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். பிடிஎம் இல்லாத நாள், காலை ஏழரைக்கு, வாசலில். டப்பா விஷயத்தைச் சொன்னேன். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. "46 பேர் மேடம்" என்றார். பிறகு, "நான் கவனித்திருக்கணும்" என்றார். கவுன்சிலர் இருக்கிறாரா என்று கேட்டேன். ஒருவர் இருக்கிறார், வாரம் இரண்டு நாள் வருவார், பெரும்பாலும் பத்தாவது பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கே நேரம் போய்விடுகிறதாம். புதன்கிழமை அவளுக்கு ஒரு பீரியட் வாங்கித் தந்திருக்கிறார்.

ஆசிரியை இன்னொன்றும் செய்தார். மதியம் லைப்ரரியில் புது நூல்களுக்கு எண் ஒட்டும் வேலைக்கு ஆறு பிள்ளைகளைப் போட்டார், இவளையும் சேர்த்து. வேலை முடிந்ததும் ஆறு பேரும் லைப்ரரிக்கு வெளியே வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு விதி. விதியாம்! அந்த மூன்று பேர் இன்னும் பேசவில்லை. இந்த ஆறில் ஒருத்தி ஏழாம் வகுப்பு, வாய் ஓயாமல் பேசுவாளாம்.

வெள்ளிக்கிழமை டப்பா கழுவாமல் வந்தது. மூடியில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது, சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சுண்டல் தாத்தா | ஞாயிறு, இரவு 10:03

என்ன சாதம்?

துரைப்பாக்கம் அம்மா | ஞாயிறு, இரவு 10:04

புளியோதரை தாத்தா.